கிழங்கைச் சோற்றுக் கணக்கில் எழுதுங்கள்

நீரிழிவு என்று தெரிந்த நாளிலேயே பல வீடுகளில் ஒரு சட்டம் அமலுக்கு வந்துவிடுகிறது: மண்ணுக்குக் கீழே விளைவது எதுவும் இனி கூடாது. உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி எல்லாம் அடுப்படியை விட்டு வெளியேறுகின்றன. கூடவே கேரட், பீட்ரூட், முள்ளங்கியும் போய்விடுகின்றன. ஆனால் மண்ணுக்கு மேலே காய்க்கிற காரணத்தால் வாழைக்காயும் பலாக்கொட்டையும் பச்சைப் பட்டாணியும் தப்பித்துக்கொள்கின்றன. சோறும் இட்லியும் பெரும்பாலும் பழைய அளவிலேயே தொடர்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பேர் நாள்தோறும் பின்பற்றும் ஒரு விதி சரியான இடத்தில் கோடு போடுகிறதா என்று பார்ப்பது அவசியம். இந்த விதி அப்படிப் போடவில்லை. கிழங்கு உண்பதால் வரும் தொல்லையைவிட, கிழங்கைக் காய்கறிக் கணக்கில் எழுதிவிட்டுச் சோற்றை முழு அளவில் உண்பதால் வரும் தொல்லையே பெரிது.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதே எடையில் வேகவைத்த உருளையிலும் சேனையிலும் சர்க்கரைவள்ளியிலும் 18 முதல் 20 கிராம் வரை இருக்கும். மரவள்ளி மட்டும் 35 கிராமைத் தாண்டிச் சோற்றையே விஞ்சிவிடும். மறுபக்கம், கேரட்டிலும் பீட்ரூட்டிலும் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்தே 10 கிராம் அளவுதான். வெள்ளை முள்ளங்கியில் அது 4 கிராமைக்கூட எட்டாது. ஆக, மண்ணுக்கு மேலா கீழா என்ற கேள்வி முள்ளங்கியையும் மரவள்ளியையும் ஒரே கூண்டில் நிறுத்துகிறது. இதைவிட விந்தை, மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து செய்யும் ஜவ்வரிசி கஞ்சியாகவும் பாயசமாகவும் எந்தக் கேள்வியும் இல்லாமல் வீட்டுக்குள் வந்துபோவது. நார்ச்சத்தும் புரதமும் அனேகமாக இல்லாத மாவு அது.

நம் மதியச் சாப்பாட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சோறு வாங்கினால் 300 கிராம் எளிதில் ஆகிவிடும். அதில் மட்டும் 84 கிராம் மாவுச்சத்து. தொட்டுக்கொள்ள 100 கிராம் உருளைப் பொரியல் என்றால் இன்னும் 20 கூடி, தட்டில் 104 கிராம் ஆகிறது. உருளையை மட்டும் விலக்கினால் கழிவது ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்கு அப்படியே நிற்கிறது. மேலே சொன்ன அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் 2022இல் ஒரு பரிந்துரையை வெளியிட்டார்கள். புதிதாக நீரிழிவு கண்டவர்கள் அதிலிருந்து மீள வேண்டுமானால், மொத்தக் கலோரியில் மாவுச்சத்தின் பங்கை 49 முதல் 54 சதவீதத்துக்குக் குறைத்து, புரதத்தை 20 சதவீதம் அளவுக்கு உயர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். சோற்றில் கை வைக்காமல், கிழங்கை மட்டும் ஒதுக்கி, இந்த இலக்கை அடைய வழியில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கிராம் கணக்கில் குறைவாக இருந்தாலும், உருளைக்கிழங்கு ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றுகிறதே? உண்மைதான். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1981இல் முன்வைத்த கிளைசெமிக் குறியீடு இந்த வேகத்தை அளப்பதற்காகவே வந்தது. அதில் உருளை பலமுறை மேல்வரிசையில் நிற்கிறது. ஆனால் அந்த எண் கிழங்கோடு பிறந்தது அன்று. இனத்துக்கு இனம், சமைக்கும் முறைக்கு முறை அது மாறும். மசித்தால் ஏறும். வேகவைத்து ஆறவிட்டால், மாவின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுவதால் ஓரளவு இறங்கும். சர்க்கரைவள்ளியைச் சுட்டால் ஏறுகிற சர்க்கரை, வேகவைத்தால் ஏறுவதைவிட அதிகம். மேலும், குறியீடு என்பது அந்த ஒரு பொருளைத் தனியாக உண்டால் கிடைக்கும் எண். நாம் உண்பதோ பருப்பும் கீரையும் எண்ணெயும் கலந்த சாப்பாடு. வேகம் கூடுதல் என்பது அளவைக் குறைக்கக் காரணமாகலாம். அடியோடு விலக்குவதற்கு அது போதாது. அந்த அளவுகோலை வைத்து விலக்குவதென்றால், முதலில் பட்டை தீட்டிய வெள்ளை அரிசியைத்தான் விலக்க வேண்டியிருக்கும்.

நீண்டகாலச் சான்றும் இதே திசையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளின் தொகுப்பு 2025இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. எண்ணெயில் பொரித்த உருளை வறுவலை வாரம் மூன்று முறை உண்போருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவித்த, சுட்ட, மசித்த உருளைக்கு அப்படிக் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. உருளைக்குப் பதில் முழுத்தானியம் உண்டால் அபாயம் குறைந்தது. வெள்ளைச் சோறு உண்டால் கூடியது. இது நீரிழிவு வருவதைப் பற்றிய ஆய்வே ஒழிய, வந்தபின் கட்டுப்படுத்துவதைப் பற்றியது அல்ல. உற்றுநோக்கல் ஆய்வு என்பதால் காரணத்தை உறுதியாக நிறுவவும் முடியாது. ஆயினும் கிழங்கின் இடத்தில் இன்னொரு கரண்டி சோறு வைப்பது லாபமில்லாத பண்டமாற்று என்பதை அது நன்றாகவே உணர்த்துகிறது.

‘எல்லாரும் தராசு வைத்துக்கொண்டா சாப்பிடுவார்கள்? கிழங்கு வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொன்னால்தானே பின்பற்றுவார்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. எளிமை தேவைதான். ஆனால் ஒரு எளிய விதி, பின்பற்றுகிறவருக்குப் பொய்யான நிம்மதி தரக் கூடாது. கிழங்கைத் தொடவே இல்லை என்ற தைரியத்தில் நான்கு இட்லியை ஆறாக்குகிறவருக்குச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பது கடைசிவரை புரியாது. இதே அளவு எளிமையான மாற்று விதி உண்டு: தட்டில் கிழங்கு வந்தால் சோறு ஒரு கரண்டி இறங்க வேண்டும். 100 கிராம் உருளைக்கு ஈடு ஏறத்தாழ 70 கிராம் சோறு. மரவள்ளி என்றால் இரண்டு கரண்டி குறைக்க வேண்டியிருக்கும். வாழைக்காய், பலாக்கொட்டை, பட்டாணி, சோளம் ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும். பூரி மசாலாவும் மசால் தோசையும் ஏன் சர்க்கரையைத் தூக்குகின்றன என்பதும் இதிலிருந்தே விளங்கும்: மாவுக்குத் தொட்டுக்கொள்ளவும் மாவு.

அமெரிக்க நீரிழிவுக் கழகம் பரிந்துரைக்கும் தட்டு முறையும் இதைத்தான் சொல்கிறது. தட்டில் பாதி மாவில்லாக் காய்கறி, கால் பங்கு புரதம், மீதிக் கால் பங்கில் மாவுணவு. கிழங்குக்கு இடம் அந்தக் கடைசிக் கால் பங்கில், சோற்றோடு பங்கு பிரித்துக்கொண்டு. காய்கறிப் பாதியைப் புடலை, அவரை, வெண்டை, சுரை, கீரை நிரப்பட்டும். உண்ணும் வரிசைக்கும் பலன் உண்டு. அமெரிக்காவின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015இல் 11 நோயாளிகளிடம் நடந்த சிறிய ஆய்வில், காயையும் புரதத்தையும் முதலில் உண்டுவிட்டு மாவுணவைக் கடைசியில் உண்டபோது, ஒரு மணி நேரத்தில் அளந்த சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. சேனை வறுவல் ஆசையை அவித்த சேனைக் கூட்டுக்கு மாற்றினால் எண்ணெயும் குறையும்.

இதையெல்லாம் எல்லாருக்கும் ஒரே அளவில் பொருத்த முடியாது. இன்சுலினோ, சர்க்கரையை வலுவாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுணவைத் திடீரென்று வெட்டினால் தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம். மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசிவிட்டே மாற்ற வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கிழங்கிலுள்ள பொட்டாசியம் தனிக் கவலை. மற்றவர்கள் குளுக்கோமீட்டரையே நடுவராக வைத்துக்கொள்ளலாம்: உண்ணும் முன் ஒருமுறை, உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை. பொதுவாகப் பெரியவர்களுக்கு இரண்டாவது அளவு 180க்குள் இருக்க வேண்டும். சோற்றைக் குறைத்துக் கிழங்கு உண்ட நாளில் எண் அதற்குள் நின்றால், உங்கள் உடலுக்கு அந்த அளவு ஒத்துப்போகிறது என்று பொருள். தாண்டினால், குறைக்க வேண்டியது கிழங்கா சோறா என்பதை இன்னொரு நாள் சோதித்துப் பார்த்து முடிவு செய்யலாம். ஊரார் சொல்லும் பட்டியலைவிட உங்கள் தட்டில் எடுத்த இந்த இரண்டு எண்கள் நம்பத்தக்கவை.