பற்றரித் தெளிகருவி இயங்காதபோது குறையைக் கண்டறிதல்

பற்றரியால் இயங்கும் முதுகுத் தெளிகருவி இன்று நெல் வயல்களிலும் மரக்கறித் தோட்டங்களிலும் பெரிதும் பயன்பட்டு வருகின்றது. பீடையின் தாக்கம் கூடிவரும் நாட்களில் இக்கருவி நின்றுவிடுமாயின், தெளிக்க வேண்டிய காலம் தவறிவிடும். அவ்வேளையில் கமக்காரர் பலர் பற்றரி பழுதாயிற்று என்று எண்ணிப் புதியதொன்றை வாங்கிப் பூட்டுகின்றனர். குறை பற்றரியில் இல்லாது கம்பி இணைப்பிலோ ஆளியிலோ இருக்குமாயின், செலவழித்த பணமும் வீண், கருவியும் முன்போலவே கிடக்கும். ஆதலால், எதனையும் மாற்றுவதற்கு முன்னர் அளந்து பார்த்தல் வேண்டும். இதற்கு வேண்டியது சிறிய பன்மானி ஒன்றேயாகும்.

கருவியைத் திறக்குமுன் தாங்கியிலுள்ள பீடைநாசினியை அகற்றி, சுத்தமான நீரால் மும்முறை கழுவி, வெளிப்புறத்தையும் துடைத்துவிடுங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள். பற்றரி அறையினுள்ளும் மருந்துநீர் கசிந்திருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது.

மின் செல்லும் வழியை முதலில் அறிந்துகொள்ளல் நன்று. பற்றரியிலிருந்து புறப்படும் மின் உருகி, ஆளி, அமுக்க ஆளி ஆகியவற்றின் ஊடாக மோட்டாரை அடைந்து, மற்றைக் கம்பி வழியே பற்றரிக்குத் திரும்புகின்றது. சில கருவிகளில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும் இவ்வழியில் இருக்கும். விசிறு குழாயின் பிடியை விட்டதும் மோட்டாரை நிறுத்துவது அமுக்க ஆளியின் தொழிலாகும். எனவே, சோதிக்கும்போது தாங்கியில் சிறிது சுத்தமான நீர் ஊற்றி, பிடியை அழுத்தியே வைத்திருங்கள். இல்லாவிடின் நல்ல கருவியும் பழுதானது போலத் தோன்றும்.

பன்மானியை நேரோட்ட 20 வோல்ற்று நிலையில் வையுங்கள். சிவப்புக் கம்பி வோல்ற்று அளக்கும் துளையில் இருத்தல் வேண்டும். அம்பியர் அளக்கும் துளையில் அதனைச் செருகிப் பற்றரியைத் தொடுவீர்களாயின் பற்றரி குறுஞ்சுற்றாகி, மானியோ கம்பியோ எரிந்துவிடும்.

இங்கே கூறப்படும் அளவுகள் 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரிக்கு உரியவை. இலிதியம் பற்றரிக்கு இவை பொருந்தா. உங்கள் பற்றரியின் மேலுள்ள குறிப்பைப் பாருங்கள். முழுமையாக மின்னேற்றிச் சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பற்றரி 12.7 வோல்ற்று அளவில் காட்டும். ஏறக்குறைய 12.2 எனின் பாதி தீர்ந்தது; 11.8 அளவில் இருப்பின் வெறுமையானது. முழு மின்னேற்றத்தின் பின்னும் 10.5 அளவிலேயே நிற்குமாயின், உள்ளேயுள்ள ஆறு கலங்களில் ஒன்று செத்துவிட்டது எனக் கொள்ளலாம். ஒவ்வொரு கலமும் ஏறக்குறைய 2 வோல்ற்றைத் தருவதே இதற்குக் காரணம். அப்பற்றரியை மாற்றுதலே வழி.

ஆனால், ஓய்வில் எடுத்த அளவை மட்டும் நம்பி முடிவு செய்துவிடாதீர்கள். கிணற்றுப் பம்பியிலிருந்து செல்லும் குழாயில் பாதி அடைப்பு இருப்பினும், முனையை மூடி வைத்திருக்கும்வரை அமுக்கத்தில் வேறுபாடு தெரியாது. முனையைத் திறந்து நீர் ஓடத் தொடங்கியதும் அடைப்பு வெளிப்பட்டுவிடும். மின்னும் அவ்வாறே. பன்மானி இழுக்கும் மின் மிகச் சிறிதாகையால், ஒரேயொரு செம்பு இழையில் தொங்கும் கம்பியும் 12.6 வோல்ற்றைக் காட்டும். மோட்டாரோ 3 அம்பியர் அளவில் இழுக்கக்கூடியது. களிம்பேறிய இணைப்பொன்றின் தடை அரை ஓம் எனினும், 3 அம்பியர் ஓடும்போது 1.5 வோல்ற்று அங்கேயே இழக்கப்படுகின்றது.

ஆகவே, ஆளியைப் போட்டு, மோட்டாரை இயக்கிக்கொண்டே அளவுங்கள். முதலில் பற்றரியின் முனைகளில் பாருங்கள். மின்னேற்றிய பற்றரி உடனே 10.5 வோல்ற்றுக்குக் கீழ் விழுமாயின் பற்றரியே குற்றவாளி. அது 12 வோல்ற்றளவில் உறுதியாக நிற்க, மோட்டாரின் முனைகளில் 9 வோல்ற்றே வருமாயின், இடைவழியில் 3 வோல்ற்று களவு போகின்றது. களவு போகும் இடத்தைப் பிடிப்பதும் எளிதே. ஆளியின் இரு முனைகளிலும் பன்மானியின் இரு கம்பிகளையும் வையுங்கள். நல்ல ஆளியாயின் ஏறக்குறைய சைபர் காட்டும்; 1 அல்லது 2 வோல்ற்று காட்டினால் அதன் தொடுமுனைகள் கருகியுள்ளன. உருகி, அமுக்க ஆளி, ஒவ்வோர் இணைப்பு ஆகியவற்றையும் இவ்வாறே பாருங்கள். மறைப்பக்கக் கம்பியைப் பலர் பார்ப்பதேயில்லை. அதுவும் வழியின் பாதியாகும். மோட்டார் சிறிதும் அசையாதவிடத்து, முழு 12 வோல்ற்றும் எதன் இரு முனைகளுக்கிடையே தோன்றுகின்றதோ அங்கேதான் வழி அறுந்துள்ளது. மோட்டாரின் முனைகளிலேயே முழு அளவும் வந்து, அது சுழலாவிடின், பழுது மோட்டாரில் அல்லது பம்பியிலாகும். மோட்டார் நன்கு சுழன்றும் விசிறல் மெலிந்திருப்பின் அது மின்குறையன்று. வடியையும் முனையையும் சுத்தம் செய்யுங்கள்.

பச்சைக் களிம்பு படிந்த இணைப்பைக் கழற்றி, பளபளப்பாகச் சுரண்டி, இறுக்கிப் பூட்டி, சிறிது வசிலின் பூசிவிடுங்கள். இவ்வேலையின் போது பற்றரியைக் கழற்றி வைத்தல் வேண்டும். உருகி எரிந்திருப்பின் அதே அம்பியர் அளவுடைய உருகியையே இடுங்கள். செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் மிகத் தீயது. குறுஞ்சுற்று ஏற்படுமாயின் சிறிய பற்றரியும் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிவிடும். கருவியோ உங்கள் முதுகில் இருக்கின்றது.

பற்றரி ஏறவேயில்லையெனின் மின்னேற்றியைச் சோதியுங்கள். விளக்கு எரிவது மாத்திரம் சான்றாகாது. பற்றரி இணைந்திருக்கும்போதே அளவுங்கள். சில மின்னேற்றிகள் பற்றரி இல்லாவிடின் ஒன்றும் வெளிவிடா. ஏறும்போது வோல்ற்று படிப்படியாக உயர்ந்து 14 ஐத் தாண்டுதல் வேண்டும். அரை மணி நேரமாகியும் அளவு அசையாவிடின் சுவர்ச் செருகியையும் வடத்தையும் பாருங்கள். அவை சரியெனின் அதே அளவுடைய வேறு மின்னேற்றி வாங்குங்கள். மின்னேற்றியைத் திறத்தலாகாது. அதனுள் 230 வோல்ற்று உண்டு. செருகியைக் கழற்றிய பின்னும் உள்ளிருக்கும் கொள்ளளவி சிறிது நேரம் மின்னைப் பிடித்து வைத்திருக்கும். ஈரக் கையுடனோ ஈரத் தரையில் நின்றோ மின்னேற்றலும் கூடாது. வாகனப் பற்றரிக்குரிய பெரிய மின்னேற்றியை இதற்கு இணைப்போரும் உளர். அளவுக்கு மிஞ்சிய மின்னால் பற்றரி சூடாகி வீங்கும்.

பெரும்போகம் முடிந்ததும் வெறும் பற்றரியுடன் கருவியைக் கொட்டிலில் போட்டுவிட்டுச் சிறுபோகத்தில் எடுப்போருக்கே பற்றரி விரைவில் சாகின்றது. மின்னின்றிக் கிடக்கும் ஈயத் தகடுகளில் ஈயச் சல்பேற்றுப் பளிங்குகள் இறுகி, பின்னர் ஏற்றினும் கரையா. வேலை முடிந்த அன்றே முழுமையாக ஏற்றி, ஆளியை நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் ஏற்றுங்கள். செத்த பற்றரியில் ஈயமும் கந்தக அமிலமும் உண்டு. அதனை வயலிலோ கிணற்றடியிலோ எறியாது, பழைய பற்றரி வாங்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.