கண் திறக்காத கம்ப்யூட்டர்: கப்பல் ஏற்றும் முன் 5 சோதனைகள்

அந்தமானில் மழைக்காலம். காலை 9 மணி. மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். சான்றிதழ்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி சுழன்றது. திரையில் ஒரு எழுத்துக்கூட வரவில்லை!

பார்க்க வந்த மெக்கானிக் பெட்டியைத் திறக்கவே இல்லை. "போர்டு போய்விட்டது. சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சென்னைக்குக் கப்பலில் போகவே ஏறக்குறைய 3 நாள். என்ன செய்வது?

மாலையில் பக்கத்து வீட்டு நண்பர் வந்தார். ஆபீசில் கிளார்க். "பாப்பாவின் அழிரப்பர் இருக்கிறதா அண்ணே?" என்று கேட்டார். 20 நிமிடத்தில் திரை ஒளிர்ந்தது. இரவு 9 மணிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

ரப்பர் செய்த மாயம் என்ன? தீவில் வாழும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

உப்புக் காற்று

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டி மீட்டர் மழை. அந்தமானிலோ சுமார் 300 சென்டி மீட்டர்! தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சுற்றிலும் கடல். ஈரமும் உப்பும் கலந்த காற்று கம்ப்யூட்டருக்குள் புகுந்து, உலோக முனைகளில் மெல்லிய படலமாகப் படிகிறது. மின்சாரம் அந்த இடத்தில் தடைபடுகிறது.

2020 ஆகஸ்ட் 10-ந்தேதி சென்னையில் இருந்து சுமார் 2,300 கிலோ மீட்டர் நீளக் கடலடி கேபிள் வந்து சேர்ந்த பிறகு, தீவின் வேலைகள் பலவும் கம்ப்யூட்டர் வழியாகவே நடக்கின்றன. 2011 கணக்குப்படி இங்கே நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். போர்ட் பிளேரில் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) இருப்பவர்களுக்காவது கடை பக்கம். சின்னத் தீவுகளில் இருப்பவர்கள் நோயைத் தாங்களே கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

1. விளக்கே எரியவில்லையா?

முதலில் பிளக்கைப் பாருங்கள். அதே பிளக்கில் ஒரு மேஜை விளக்கைப் போட்டுப் பாருங்கள். யு.பி.எஸ். பேட்டரி செத்திருக்கலாம். பெட்டியின் பின்பக்கச் சுவிட்ச் அணைந்திருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் மின்கம்பியைப் பிடுங்கி விடுங்கள். பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடம் கழித்து மறுபடி இணைத்துப் பாருங்கள். அப்போதும் அசைவில்லை என்றால், மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி மீதுதான் முதல் சந்தேகம். நல்ல நிலையில் உள்ள வேறொன்றை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். எச்சரிக்கை! அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

2. விசிறி சுழல்கிறது, திரை இருட்டா?

திரைக்குத் தனி மின்சாரம் உண்டு. அது வருகிறதா? கேபிள் இரு முனையிலும் இறுகி இருக்கிறதா? பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முயலுங்கள்.

3. 'பீப்' கேட்கிறதா?

கம்ப்யூட்டர் விழித்ததும் தன் உடம்பைத் தானே சோதித்துக்கொள்கிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1981-ல் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரிலேயே இது உண்டு. எல்லாம் சரி என்றால் ஒரே ஒரு சிறிய 'பீப்'. கோளாறு என்றால் ஒலி மாறும். எந்த ஒலிக்கு என்ன பொருள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். போர்டுடன் வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

தீவில் அடிக்கடி மாட்டிக்கொள்வது 'ரேம்' என்னும் நினைவுப் பட்டை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள மின்னேற்றத்தை இறக்குங்கள். பட்டையைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளை அழிரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். தூளைத் துடைத்துவிட்டு, 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு பட்டை இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். என் வீட்டில் நடந்தது இதுதான்!

4. சில விநாடியில் அணைகிறதா?

பிராசசர் மேலுள்ள விசிறியில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது அது கழன்றிருக்கலாம். சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். போர்டில் நிற்கும் சிறு உருளைகளையும் பாருங்கள். அவை கண்டென்சர்கள். தலை உப்பியிருந்தால் மாற்ற வேண்டும். அது மெக்கானிக் வேலை.

5. எழுத்து வருகிறது, விண்டோஸ் வரவில்லையா?

தேதி தவறாகக் காட்டினால், போர்டில் உள்ள நாணயம் போன்ற சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். புதிது போடுங்கள். 'டிஸ்க் இல்லை' என்று வந்தால் அதன் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று தட்டினால் உடனே அணைத்து விடுங்கள். திரும்பத் திரும்ப முயன்றால் உள்ளே இருப்பதும் போய்விடும்.

கப்பல் ஏற்றும் முன்

நல்ல எஸ்.எம்.பி.எஸ்., நல்ல ரேம் போட்டும் கண் திறக்காவிட்டால்தான் போர்டின் மீது சந்தேகப்பட வேண்டும். "போர்டு போய்விட்டது" என்று யாராவது சொன்னால், "எதை மாற்றிப் பார்த்தீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

சென்னைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். போர்டு கெட்டால் கடையில் வாங்கலாம். பிள்ளையின் சான்றிதழும் குடும்பப் படங்களும் எந்தக் கடையிலும் கிடைக்காது. பெட்டி கப்பல் ஏறட்டும். டிஸ்க் ஏற வேண்டாம்!