சொன்ன பேச்சுக் கேட்காத கம்ப்யூட்டர் டிரைவர்கள்

கிடர்பூர் துறைமுகத்துத் தூக்குப் பாலம் மேலே எழும்பினால் இருபுறமும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் பீடி பற்ற வைப்பார்கள், டீ குடிப்பார்கள், திட்டுவார்கள். ஆனால் கப்பல் போய்ப் பாலம் இறங்கும் முன் எவரும் லாரியைத் தண்ணீருக்குள் விடுவதில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவர்களை அப்படி நம்ப முடியாது!

‘ஆர்மா’ என்ற ராணுவ விளையாட்டில் இது அன்றாடக் கூத்து. செக் நாட்டு போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி 2001-ல் வெளிவந்த ‘ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட்’டின் வழிவந்தது இது. 2013-ல் வந்த மூன்றாம் பாகத்தில் 270 சதுர கிலோ மீட்டர் பரப்புள்ள ஒரு தீவே இருக்கிறது. கிரேக்க நாட்டு லெம்னோஸ் தீவைப் பார்த்து வரைந்தது. ஆடுபவர் தளபதி. லாரிகளை ஓட்டுவது கம்ப்யூட்டர்.

துறைமுகத்திலிருந்து டாட்டா நகருக்கு முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் வீட்டில், கல்லூரியில் படிக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதோடு மல்லுக்கு நிற்கிறான். மருந்து ஏற்றிய ஐந்து லாரிகள் பாலத்தைக் கடந்து முகாமுக்குப் போக வேண்டும். இரண்டுதான் போய்ச் சேர்ந்தன.

“பாருங்கப்பா, ரோட்டோட போன்னு சொல்றேன். இவன் வயலுக்குள்ள இறங்குறான்.”

“வழியில யாராச்சும் சுட்டாங்களாடா?”

“ஆமாப்பா, ஒரு தடவ.”

“அப்புறம் எப்படிடா ரோட்டுல போவான்?”

கம்ப்யூட்டரைத் தொட்டறியாத பெரியவர் விஷயத்தைப் பிடித்துவிட்டார். இந்த டிரைவருக்கு ஐந்து மனநிலைகள் உண்டு: கவலையற்ற நிலை, பாதுகாப்பு நிலை, விழிப்பு நிலை, போர் நிலை, பதுங்கும் நிலை. முதல் இரண்டிலும் அவன் சாலையை விடமாட்டான். விழிப்பு நிலையில் இருப்பவன் எதிரியைக் கண்டால் தானாகவே போர் நிலைக்கு மாறுவான். அதன் பிறகு சாலை அவனுக்குப் பெரிதல்ல, மறைவிடம்தான் பெரிது. அவன் கட்டளையை மீறவில்லை; அதைவிட மேலான ஒரு கட்டளைக்குப் பணிகிறான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தனி லாரிக்கு “அங்கே போ” என்று ஒரு உத்தரவு. குழுவுக்கு “தலைவனைப் பின்தொடர்” என்று ஒரு உத்தரவு. இரண்டு அதிகாரிகள் ஒரே ஃபைலைக் கேட்டால் குமாஸ்தா என்ன செய்வார்? இவனும் அதையே செய்கிறான். கொஞ்ச தூரம் போகிறான், திரும்பி வருகிறான், பின்னால் வரும் லாரியில் இடிக்கிறான்.

வழி தேடும் கணக்கோ பழையது. 1968-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஹார்ட், நில்சன், ராஃபேல் என்ற மூவர், ‘ஷேக்கி’ என்ற இயந்திர மனிதன் நடப்பதற்காக வகுத்தது. இதுவரை வந்த தூரத்தையும் இனிப் போக வேண்டிய உத்தேச தூரத்தையும் கூட்டி, எந்த வழியில் கூட்டுத்தொகை குறைவோ அந்த வழியில் தேடு என்பதே அதன் சாரம். இப்போது பெரும்பாலான கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் இதன் வாரிசுகளே வழிகாட்டுகின்றன. கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் குறுகலான பாலத்தில், முன் லாரி நின்றுவிட்ட இடத்தில், கணக்குப் போட்ட கோட்டின் மேல் வண்டியை ஓட்டத் தெரிய வேண்டுமே! ஆர்மாவின் டிரைவர்கள் பாலத்தில் தடுமாறுவது உலகப் பிரசித்தம்.

அனுபவசாலிகள் என்ன செய்கிறார்கள்? பத்து மைலுக்கு அப்பால் ஒரே ஒரு புள்ளியை வைத்து “போ” என்பதில்லை. ரயில் பாதையில் வழியோர ஸ்டேஷன்கள் போல, சாலையின் நடுவிலேயே, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புள்ளி வைக்கிறார்கள். வேகத்தைக் குறைத்து வைக்கிறார்கள். லாரிக்கும் லாரிக்கும் இத்தனை மீட்டர் இடைவெளி என்று சொல்லவும், சாலையை விட்டு விலகாதே என்று கட்டாயப்படுத்தவும் மூன்றாம் பாகத்தில் தனிக் கட்டளைகளே உண்டு. மனநிலையைக் கவலையற்றதாக்கினால் குண்டு விழுந்தாலும் நேரே போவான். ஆனால் தப்பிக்கவும் மாட்டான். இரண்டில் எது வேண்டும் என்பதைத் தளபதிதான் முடிவு செய்ய வேண்டும்.

விளையாட்டுதானே என்று தள்ளிவிட முடியாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘வி.பி.எஸ்.’ என்ற பயிற்சிக் கருவியில் அமெரிக்க மரைன் படையினரும் ஆஸ்திரேலியப் படையினரும் பழகியிருக்கிறார்கள். நம் ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையம், உள்ளே ஆள் இல்லாமல் ஓடும் ‘முந்த்ரா’ என்ற கவச வண்டியை 2017-ல் காட்டியது. கண்காணிக்க ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று, கதிர்வீச்சு உள்ள இடத்துக்கு ஒன்று என மூன்று வகை. உயிருக்கு ஆபத்தான இடத்துக்கு மனிதனுக்குப் பதிலாக அனுப்பப்படும் வண்டி அது. சொன்னதை அது எப்படிப் புரிந்துகொள்ளும் என்பது அங்கே விளையாட்டல்ல.

மாலையில் பையன் மீண்டும் முயன்றான். பதினொரு புள்ளிகள், பாதுகாப்பு நிலை, குறைந்த வேகம். நான்கு லாரிகள் முகாமுக்குள் வந்து நின்றன.

“அஞ்சாவது எங்கடா?” என்றார் பெரியவர்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு, சக்கரத்தைச் சுழற்றியபடி நின்றுகொண்டிருந்தது அது.

“ரிவர்ஸ் போடச் சொல்லுடா!”

“சொல்லிட்டேன்பா. கேக்க மாட்டேங்கறான்.”