முதல் நூலும் வழி வந்த திரைப்படமும்

பலரும் விரும்பிப் படித்த கதை, எழுதியவர்க்கு மட்டும் உரியதாக நிற்பதில்லை. படித்தவர் ஒவ்வொருவரும் அதனைத் தம் உடைமையாகக் கொள்கின்றனர். அக்கதை நாடகமாகவோ திரைப்படமாகவோ மாறும்போது, ஒரு பாத்திரம் குறைந்தாலும் ஒரு முடிவு வேறுபட்டாலும் அவர்கள் மனம் பொறுப்பதில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' மணிரத்னத்தின் இயக்கத்தில் இரண்டு படங்களாக வெளிவந்தபோது இதனைத் தமிழுலகம் முழுவதும் கண்டது. முதற்படம் 2022 செப்டம்பர் 30-ஆம் நாளும், இரண்டாம் படம் 2023 ஏப்ரல் 28-ஆம் நாளும் வெளியாயின. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அவை திரையிடப்பட்டபோது, தமிழ்நாட்டில் எழுந்த அதே வாதங்கள் இங்கும் எழுந்தன.

அவ்வாதங்களைத் தொகுத்து நோக்கின் அவை இரண்டே குறைகளாக அடங்கும். 'இது கல்கியின் கதை அன்று' என்பது ஒன்று. 'இது சோழர் வரலாறு அன்று' என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றே என்று பலர் கருதிப் பேசினர். உண்மையில் இவை வேறு வேறு. சில இடங்களில் ஒன்றுக்கொன்று மாறாகவும் நிற்பவை. புதினத்தைப் படிக்கும் முன்னரே படத்தைக் கண்டுவிட்ட மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டைத் தெளிந்திருத்தல் வேண்டும். இல்லையேல் மாணவர் படத்தைப் புதினமாகவும், புதினத்தை வரலாறாகவும் கொண்டு விடுவர்.

படித்தவர் கொண்ட உரிமை

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என்னும் ஐந்து பாகங்களை வாசகர் வாரந்தோறும் காத்திருந்து படித்தனர். ஓவியர் மணியம் தீட்டிய படங்கள் குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் முகம் தந்தன. மூன்றரை ஆண்டுகள் ஒரு குடும்பத்தில் பழகினாற்போல் இப்பாத்திரங்களோடு பழகியவர், பின்னாளில் தம் பிள்ளைகளுக்கும் அக்கதையைச் சொன்னார்கள். அவ்வாறு பழகியோர் மனத்தில் நந்தினியின் முகமும் குரலும் முன்னரே முடிவாகிவிட்டன. எந்த நடிகை வந்தாலும் அம்முகத்தோடு போட்டியிட்டே ஆகவேண்டும்.

வாசகரின் இவ்வுரிமைக் குரல் படத்தால் முதன்முதல் எழுந்ததன்று. தொடர் முடிந்தபோதே கதை திடீரென நின்றுவிட்டது என்றும், பாத்திரங்களின் பிற்கால வாழ்வு கூறப்படவில்லை என்றும் வாசகர் குறைப்பட்டனர். அதற்குக் கல்கி தாமே ஒரு முடிவுரை எழுதி விடை கூறினார். எழுதியவரையே கேள்வி கேட்ட வாசகர், படம் எடுத்தவரை வினவாமல் இருப்பரா?

கல்கியும் திரைக்கலையை அறியாதவர் அல்லர். அவருடைய 'தியாகபூமி' 1939-இல் திரைப்படமாக உருவானபோது, ஆனந்த விகடனில் வந்த தொடருக்கு அப்படத்தின் காட்சிகளே படங்களாக அச்சிடப்பட்டன. 'பொன்னியின் செல்வ'னைப் படமாக்க எம்.ஜி.ஆர். 1958-இலேயே முயன்றார், அது நிறைவேறவில்லை. 1999-இல் சென்னையில் மேடை நாடகமாக அரங்கேறியது. அந்நாடக வடிவை எழுதிய இளங்கோ குமரவேலே பின்னர்த் திரைக்கதையிலும் பங்கு கொண்டார். உரையாடலை ஜெயமோகன் எழுதினார்.

நன்னூலார் தரும் அளவுகோல்

ஒருவர் நூலைத் தழுவி மற்றொருவர் நூல் செய்வது தமிழுக்குப் புதிதன்று. அதற்கு இலக்கணமும் தமிழில் உண்டு. முதல்நூல், வழிநூல் என இருவகைப் படுத்தித் தொல்காப்பியம் கூறும். வழிநூல் செய்யும் முறையைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகவும் அது வகுக்கிறது. நன்னூல் சார்புநூல் என்னும் மூன்றாவது வகையையும் சேர்த்தது.

நன்னூலார் கருத்தின்படி வழிநூல் செய்வோர் முன்னவர் கண்ட முடிவோடு இசைந்து நிற்க வேண்டும். அவ்வெல்லைக்குள் தாம் விரும்பும் வேறுபாட்டைச் சேர்க்க அவர்க்கு உரிமை உண்டு. எனினும் மரபு கெடலாகாது. ஒரு பகுதி ஒத்து, மற்றொரு பகுதியில் வேறுபடுவது சார்புநூல். ஆதலின் 'மாற்றினாரா?' என்பது கேள்வி அன்று. 'எதை மாற்றினார்? முடிவு நின்றதா?' என்பதே கேள்வி.

கம்பர் இதற்குத் தக்க சான்று. வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரோ அவன் சீதையைத் தீண்டாமல், பன்னசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்ததாகப் பாடினார். மிதிலையில் இருவரும் வில்முறிக்கு முன்பே ஒருவரை ஒருவர் நோக்கும் காட்சியைப் படைத்தார். இரணியன் வதைப் படலத்தைச் சேர்த்தார். இவற்றைக் குறை என்று கூறும் தமிழாசிரியர் இல்லை. இவை கதையின் முடிவைச் சிதைக்கவில்லை. பாத்திரங்களின் உயர்வைத் தமிழ் மரபுக்கு ஏற்ப விளக்கின.

தொகுத்தலால் நேர்ந்தவை

இவ்வளவுகோலைப் படத்திற்கு வைத்துப் பார்ப்போம். இரண்டு படங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஓடுவன. ஐந்து பாகங்களை அக்காலத்திற்குள் அடக்கத் தொகுத்தல் இன்றி வழியில்லை. புதினம் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு தொடங்குகிறது. படமோ கரிகாலன் இராட்டிரகூடரோடு செய்யும் போரில் தொடங்குகிறது. புதினத்தில் கரிகாலன் பிறரிடம் கூறும் இளமைக் காதல், இரண்டாம் படத்தின் முதற்காட்சியாகவே கண்முன் நடக்கிறது. எழுத்தில் ஒருவர் தம் பழங்கதையைப் பக்கம் பக்கமாகச் சொல்லலாம். திரையில் அது காட்சியாக வேண்டும். இவை ஊடகம் வேண்டி நின்ற மாற்றங்கள். இவற்றுக்காக வருந்த வேண்டுவதில்லை.

மணிமேகலையை அறவே நீக்கியது அத்தகையது அன்று. கடம்பூர்ச் சம்புவரையர் மகளாகிய அவள், கந்தமாறன் தங்கை. வந்தியத்தேவன்மீது தான் கொண்ட அன்புக்கு ஈடு எதுவும் பெறாதவள். ஐந்து பாகங்களும் கடந்து, அவன் மடியில் அவள் உயிர் பிரிவதோடுதான் கல்கி கதையை நிறுத்தினார். அரசும் மகுடமும் பற்றிய பெருங்கதை, யாருடைய கணக்கிலும் வராத ஒரு பெண்ணின் சாவோடு முடிவது தற்செயல் அன்று. தியாகம் என்னும் சொல்லுக்கு அரண்மனைக்கு வெளியேயும் பொருள் உண்டு என்று அம்முடிவு காட்டுகிறது. அவளை நீக்கியதால் படத்திற்கு நேரம் மிஞ்சியது. புதினத்தின் கடைசிச் சொல் போயிற்று. வாசகர் கொண்ட வருத்தங்களுள் இது நியாயம் மிக்கது.

மகுடம் யாருக்கு?

பெரிதும் வாதிக்கப்பட்ட மாற்றம் வேறொன்று. புதினத்தில் சேந்தன் அமுதன் தஞ்சையில் நந்தவனம் வைத்து இறைவனுக்குப் பூத்தொண்டு செய்பவன். செம்பியன் மாதேவியின் உண்மை மகன் அவனே என்பது பின்னர்த் தெரிகிறது. அருள்மொழி அவனுக்கே முடிசூட்டுகிறார். அவனே உத்தம சோழன் ஆகிறான். அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன் விலகிப் போகிறான். படத்தில் இந்த ஆள்மாறாட்டமே இல்லை. அரியணையை விரும்பிய மதுராந்தகருக்கே அருள்மொழி மகுடத்தை அளிக்கிறார். 'வரலாற்றைத் திரித்துவிட்டனர்' என்று இதுபற்றிச் சிலர் சினந்தனர்.

கல்வெட்டுகள் கூறுவது என்ன? உத்தம சோழர் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன். பிள்ளை மாறிய செய்தி எந்தச் சாசனத்திலும் இல்லை. அது கல்கியின் கற்பனை. திருவாலங்காட்டுச் செப்பேடுகளோ, தம் சிறிய தந்தைக்கு நாட்டை ஆளும் விருப்பம் இருக்கும்வரை அருள்மொழி அரசை விரும்பவில்லை என்ற கருத்தைத் தருகின்றன. அவ்வாறாயின், இவ்விடத்தில் படமே சாசனத்திற்கு அணித்தாக நிற்கிறது. வரலாற்றின் பெயரால் சினந்தவர்கள் காத்து நின்றது வரலாற்றை அன்று, கல்கியின் கற்பனையை!

அக்கற்பனை காக்கத் தகாதது என்பது இதன் பொருள் அன்று. ஆசையற்றவனிடமே ஆட்சி சேரவேண்டும் என்பது கல்கி கண்ட அறம். எதிர்த்து நின்றவருக்கும் விட்டுக்கொடுப்பதே பெருமை என்பது படம் காட்டும் அறம். அருள்மொழி மகுடத்தைத் துறந்தார் என்னும் முடிவு இரண்டிலும் ஒன்றே. ஆகவே நன்னூலார் முறைப்படி இம்மாற்றம் வழிநூலின் எல்லைக்குள் அடங்கும்.

இருளில் நேர்ந்த கொலை

கரிகாலன் கொலை அவ்வாறன்று. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்ததாகக் கொள்ளப்படும் கல்வெட்டு ஒன்று உளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது குறிக்கிறது. அவர்தம் உறவினரின் உடைமையும் பறிக்கப்பட்ட செய்தி அதில் உண்டு. ஏன் கொன்றனர், எவ்வாறு கொன்றனர் என்பவற்றை அது கூறவில்லை. கல்கியின் கதை தொடங்கும் ஏரிக்கரையும் அவ்வூரை ஒட்டியதே.

கல் சொல்லாமல் விட்ட இடத்தில் கல்கி நந்தினியைப் படைத்து நிறுத்தினார். ஆயினும் கொலைக் காட்சியில் விளக்கை அணைத்துவிட்டார். எவர் கை அதைச் செய்தது என்பது தெளிவாகாதபடி விட்டார். இன்றும் வாசகர் அதுபற்றி வாதிடுவது அதனால்தான். படத்திலோ கரிகாலனும் நந்தினியும் எதிரெதிர் நிற்கும் அந்நேரம் காண்போர் கண்முன் விரிகிறது. சாவை விரும்பி ஏற்பவனாக அவன் காட்டப்படுகிறான். காட்சி உருக்கமானதே. எனினும் ஐயமே உயிராக இருந்த இடத்தில் விடை தரப்பட்டுவிட்டது. இவ்விடத்தில் படம் வழிநூல் அன்று, சார்புநூல் எனக் கொள்வதே முறை.

கடாரத்துத் தொடர்பு

கல்கியும் வரலாற்றுக்கு வழிநூல் செய்தவரே என்பதற்கு மலேசிய மாணவர்க்கு அணித்தான சான்று ஒன்று உண்டு. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் கடாரத்து அரசரால் இராசராசன் காலத்தில் எழுப்பப்பட்டது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையளிக்கப்பட்டதை, இன்று லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறும். இராசராசன் அரியணை ஏறியது 985-இல். அக்கொடை 1006-ஐ ஒட்டியது. கல்கியோ விகாரத்தை அவன் இளவரசனாக இருந்த காலத்திலேயே அமைத்து, நோயுற்ற அருள்மொழி தங்கும் இடமாக்கினார். கடாரம் இன்றைய கெடா என்பது அறிஞர் கொள்கை. பூஜாங் பள்ளத்தாக்கிற்குச் சுற்றுலா செல்லும் மாணவர், அந்நிலத்து அரசன் பெயரோடு தொடர்புடைய விகாரத்தில் கல்கியின் இளவரசன் படுத்திருந்ததை அறிந்தால், வரலாறும் கற்பனையும் கைகோத்து நடக்கும் முறை அவர்க்கு எளிதில் விளங்கும்.

பிற நாட்டிலும் இவ்வாறே

இவ்வழக்கு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கல்கியின் தொடர் முடிந்த 1954-ஆம் ஆண்டில்தான் ஆங்கிலத்தில் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வெளிவரத் தொடங்கியது. அதனைப் பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக எடுத்தார். டாம் பாம்படில் என்னும் பாத்திரம் அங்கும் நீக்கப்பட்டது. போர் முடிந்து ஊர் திரும்பும் வீரர்கள் தம் சிற்றூரே சீரழிந்திருப்பதைக் கண்டு அதனை மீட்கும் பகுதியும் விடப்பட்டது. முன்னதைப் பலர் மன்னித்தனர். பின்னதை மன்னிக்காதவர் இன்றும் உளர். போரின் தீமை வீட்டு வாயில் வரை வரும் என்று ஆசிரியர் உணர்த்திய இடம் அதுவாகும். படங்கள் உலகப் புகழ் பெற்றபின்னும் டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் அவற்றை ஏற்கவில்லை. 2012-இல் பிரெஞ்சு நாளேடான 'லே மோந்த்' இதழில் அவர் அதனை வெளிப்படையாகக் கூறினார்.

வகுப்பறையில்

படம் வந்ததால் புதினம் அழிந்துவிடவில்லை. ஐந்து பாகங்களும் அச்சில் உள்ளன. பலர் படம் பார்த்த பின்னரே அவற்றைத் தேடி எடுத்தனர். படத்தால் ஆசிரியர்க்கு நல்ல வாய்ப்பு ஒன்றும் கிடைத்துள்ளது. பிரிக்பீல்ட்ஸ் ஆயினும் கிள்ளான் ஆயினும், படத்தைக் கண்டுவிட்டு வரும் மாணவனை நோக்கி, 'அது பொய், புத்தகமே மெய்' என்று கூறுவதால் பயனில்லை. கரிகாலன் கொலையை எடுத்துக்கொண்டு, கல்வெட்டு கூறுவது யாது, கல்கி சேர்த்தது யாது, படம் மாற்றியது யாது என மூன்று பத்திகளாக அவனையே எழுதச் செய்யலாம். பின்னர், ஒவ்வொரு மாற்றமும் கதைக்கு எதைத் தந்தது, எதை எடுத்துக்கொண்டது என்று கேட்கலாம்.

அவ்வாறு எழுதிய மாணவன் படத்தை வெறுக்கவும் மாட்டான். அதை வரலாறு என்று நம்பவும் மாட்டான். விடப்பட்ட மணிமேகலையைத் தேடிப் புதினத்தைத் திறப்பான். அந்த நாள், வழி வந்த படம் முதல்நூலுக்குத் தான் பட்ட கடனைத் தீர்த்த நாளாகும்.