100 நாள் வேலை: பில் இருக்கு, கையெழுத்து இருக்கு... வேலை நடந்ததா? சமூகத் தணிக்கையில் என்ன பார்க்கிறார்கள்?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு பண்ணைக் குட்டை வெட்டியதாக 100 நாள் வேலைத் திட்டக் கணக்கில் செலவு எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு, கூலி போன வங்கி விவரமும் இருக்கு. அப்போ கணக்கு சரிதானே?

அதற்குள் சரி என்று சொல்லிவிட முடியாது. கணக்கில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இருக்கும் ஆதாரத்தைத் தேடிப் பார்ப்பதுதான் தணிக்கையின் முதல் வேலை. இதற்கு 'வவுச்சிங்' என்று பெயர். பில்லில் தேதி, தொகை, பெயர் ஒத்துப்போகுதா, அனுமதி கொடுத்தது யார், ஒரே பில்லை இரண்டு முறை காட்டியிருக்காங்களா என்று பார்ப்பார்கள். கடை, கம்பெனி என்றால் பெரும்பாலும் மேசையிலேயே இது முடிந்துவிடும். மலையில் அப்படி முடியாது.

எந்தெந்த ஆவணங்கள்?

கூலிக்கு ஆதாரம் மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பட்டியல். செய்த வேலைக்கு ஆதாரம் 'எம் புக்' என்கிற அளவுப் புத்தகம். இவற்றோடு வேலைக்கான மதிப்பீடு, பொருள் வாங்கிய பில், தொழிலாளியின் ஜாப் கார்டு.

எம் புக்கில் குட்டை 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் என்று இருந்தால், 300 கன மீட்டர் மண் எடுத்திருக்கணும். டேப் பிடித்துப் பார்க்கும்போது ஆழம் 1 மீட்டர்தான் என்றால் 200 கன மீட்டர்தான் வருது. மழையில் மண் சரிந்து கொஞ்சம் மூடியிருக்கலாம், அதையும் கேட்டுத்தான் முடிவெடுக்கணும். ஆனாலும் 100 கன மீட்டருக்கு யாராவது பதில் சொல்லியே ஆகணும்.

அடுத்து மஸ்டர் ரோல். குழு வீடு வீடாகப் போய், "இந்தத் தேதியில வேலைக்குப் போனீங்களாம்மா? கூலி எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்கும். ஜவ்வாது மலையிலிருந்து பிழைப்புக்காக வெளியூர் போகிறவர்கள் நிறைய. அவர் வெளியூரில் இருந்த வாரத்தில் இங்கே மண் வெட்டியதாக எழுதியிருந்தால், அந்த ஆவணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பொய்தான். இதை அலுவலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவே முடியாது, பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

இதில் யாருக்கு நஷ்டம்?

2025-26ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். ஒருவர் பெயரில் 6 நாள் பொய்யாக எழுதினால் 2,016 ரூபாய். அரசுப் பணம் போவது ஒருபக்கம். அந்த 6 நாளும் அந்தக் குடும்பத்தின் வேலை நாள் கணக்கில் கழிந்துவிடும் என்பதைப் பலரும் கவனிப்பதே இல்லை. பிறகு நிஜமாகவே வேலை கேட்டு வரும்போது, "உங்க நாள் முடிஞ்சுபோச்சு" என்பார்கள்.

"இப்பதான் ஆப்பில் போட்டோ எடுக்குறாங்களே?" என்று கேட்கலாம். எடுக்கிறார்கள். ஆனால் போட்டோவையே திரும்பப் போட்டோ எடுத்துப் பதிவேற்றுவது, வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படத்தைப் போடுவது போன்ற முறைகேடுகள் நடப்பதாக 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. போட்டோவும் ஒரு வவுச்சர்தான், அதையும் சரிபார்க்கணும்.

இதைத் தொடங்கி வைத்தது ராஜஸ்தான். 1994 டிசம்பரில், பாலி மாவட்டம் கோட் கிரானாவில், அருணா ராய் உள்ளிட்டோர் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு பொது விசாரணை நடத்தியது. அரசுக் கணக்கை ஊர் முன்னால் சத்தமாக வாசித்தார்கள், அவ்வளவுதான். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று மக்களே சொன்னார்கள். பிறகு வந்த 2005 வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, இந்தத் தணிக்கையைச் செய்யும் பொறுப்பை கிராம சபைக்குக் கொடுத்தது.

அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகள், ஒவ்வொரு ஊராட்சியிலும் 6 மாதத்துக்கு ஒருமுறையாவது சமூகத் தணிக்கை நடக்கணும் என்றன. கிராம சபைக்கு 15 நாள் முன்பே ஆவணங்களைக் கொடுத்துவிடணும் என்றும் அவை சொல்லின. சிதறிக் கிடக்கும் மலைக் குக்கிராமங்களுக்கு நடந்து போய்ப் பார்க்க இந்த அவகாசம் ரொம்ப முக்கியம். முந்தின நாள் கட்டைக் கொண்டுவந்து போட்டால் யார், எதைச் சரிபார்ப்பது?

உங்க ஊருக்குக் குழு வரும்போது ஜாப் கார்டை எடுத்து வைங்க. கார்டு வேறு யாரிடமாவது இருந்தால் முதல்ல அதைத் திரும்ப வாங்குங்க. அது உங்க வீட்டில்தான் இருக்கணும்.