உப்பும் குளுக்கோசும் கலத்தின் வாசலும்

ஜீவனிப் பக்கற் ஒன்றில் நான்கு பொருள்கள் இருக்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த அளவுப்படி, ஒரு லீற்றர் நீருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைட்டு, 13.5 கிராம் குளுக்கோசு, 1.5 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு, 2.9 கிராம் முச்சோடியம் சித்திரேற்று. எல்லாம் சேர்ந்து இருபது கிராமுக்குச் சற்று மேல். கெலிஓயாக் கடைத்தெருவானாலும் கண்டி–கம்பளை வீதிக்கு மேலே மலையிலுள்ள லயமானாலும், வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு முதலில் கரைத்துக் கொடுப்பது இதைத்தான். மனித உடற்றொழிலியலைப் படிக்கத் தொடங்குபவருக்கு வேண்டிய அடிப்படை இரசாயனத்திலும் கலவியலிலும் பெரும்பகுதியை இந்தப் பொடியைக் கொண்டே விளக்கிவிடலாம். அயன் என்பது என்ன, நீர் ஏன் இடம் மாறுகிறது, மென்சவ்வு எதை விடுகிறது, எதைத் தடுக்கிறது, சும்மா கிடக்கும் கலம்கூட ஏன் சக்தியைச் செலவிடுகிறது என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் இதில் வேலை இருக்கிறது.

சோடியம் அணுவில் 11 இலத்திரன்கள் உள்ளன. வெளியோட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அதை இழந்ததும் அணு நேரேற்றம் பெற்ற சோடியம் அயனாகிறது. 17 இலத்திரன்கள் கொண்ட குளோரின் ஒன்றை வாங்கிக்கொண்டு மறையேற்றமுள்ள குளோரைட்டு அயனாகிறது. உப்புப் பளிங்கில் இவை இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. நீரில் போட்டதும் பிரிகின்றன. காரணம் நீர் மூலக்கூற்றின் முனைவுத்தன்மை. ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுப்பதால் அந்தப் பக்கத்தில் சிறிது மறையேற்றமும், ஐதரசன்களின் பக்கத்தில் சிறிது நேரேற்றமும் உண்டாகின்றன. நீர் மூலக்கூறுகள் ஒட்சிசன் முனையால் சோடியத்தையும் ஐதரசன் முனையால் குளோரைட்டையும் சூழ்ந்து பிரித்தெடுக்கின்றன. குளுக்கோசுக்கு ஏற்றம் கிடையாது. ஆனால் அதன் ஐதரொட்சில் கூட்டங்கள் நீருடன் ஐதரசன் பிணைப்பு அமைப்பதால் அதுவும் எளிதில் கரைகிறது. எண்ணெய் மூலக்கூறுக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. அதனால் அது நீரில் சேராமல் ஒதுங்கிவிடுகிறது. கலத்தின் எல்லை எப்படி உண்டாகிறது என்பதற்கும் எண்ணெயின் இந்த ஒதுக்கமே அடிப்படை.

பக்கற்றில் எழுதப்பட்ட கிராம்களை மட்டும் பார்த்தால் குளுக்கோசு உப்பைப் போல ஐந்து மடங்கு. உடலுக்கு முக்கியம் நிறை அல்ல, துணிக்கைகளின் எண்ணிக்கை. அதைக் கணிக்கும் அலகு மூல். ஒரு மூல் சோடியம் குளோரைட்டு 58.5 கிராம். ஆகவே 2.6 கிராமில் ஏறக்குறைய 45 மில்லிமூல் சோடியம் உண்டு. முச்சோடியம் சித்திரேற்றின் ஒரு மூல் 294 கிராம், அதிலுள்ள சோடியம் மூன்று. எனவே 2.9 கிராமிலிருந்து இன்னும் 30 மில்லிமூல் வருகிறது. மொத்தம் 75. குளுக்கோசின் ஒரு மூல் 180 கிராம், 13.5 கிராமை அதனால் வகுத்தால் அதுவும் 75. நிறையில் ஒவ்வாதவையாகத் தோன்றிய இரண்டும் எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஒன்று சமமாக நிற்கின்றன. இந்தச் சமம் தற்செயலானதல்ல. அதன் காரணத்தை அறியச் சிறுகுடல் கலத்துக்குள் போக வேண்டும்.

எழுபது கிலோ எடையுள்ள ஆணின் உடலில் ஏறத்தாழ 42 லீற்றர் நீர் உண்டு. அதில் மூன்றில் இரண்டு பங்கு கலங்களுக்குள் இருக்கிறது. எஞ்சியது கலங்களைச் சூழ்ந்த பாய்பொருளாகவும் குருதியின் திரவவிழையமாகவும் இருக்கிறது. இரண்டும் உப்பு நீர்தான், ஆனால் உப்புகள் வேறு. வெளியே ஒரு லீற்றருக்குச் சுமார் 140 மில்லிமூல் சோடியமும் 4 மில்லிமூல் அளவு பொற்றாசியமும் உள்ளன. உள்ளே பொற்றாசியம் 140, சோடியம் 10 முதல் 15 வரை. மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த தடிப்புள்ள ஒரு மென்சவ்வு இந்த இரண்டு உலகங்களையும் பிரித்து வைத்திருக்கிறது.

அந்த மென்சவ்வு பொசுபோலிப்பிட்டு மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் நீரை நாடும் ஒரு தலையும் நீரை வெறுக்கும் இரண்டு கொழுப்பு வால்களும் உண்டு. நீருக்குள் விடப்பட்டால் அவை தாமாகவே இரண்டு படைகளாக அமைகின்றன. தலைகள் இருபுறமும் நீரைப் பார்க்க, வால்கள் நடுவில் மறைந்துகொள்கின்றன. இரண்டு படை என்பதை 1925இல் ஒல்லாந்து ஆய்வாளர்கள் கோர்ட்டரும் கிரெண்டலும் செங்குருதிக் கலங்களின் கொழுப்பைப் பிரித்து அளந்து கூறினார்கள். ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் இந்தக் கொழுப்புப் படையை எளிதில் கடக்கின்றன. ஏற்றமுள்ள அயன்களால் முடியாது. குளுக்கோசாலும் அநேகமாக முடியாது. அவற்றுக்கென்று மென்சவ்வில் புரத வாசல்கள் பதிந்திருக்கின்றன. எந்தக் கலத்தில் எந்த வாசல் இருக்கிறது என்பதே அந்தக் கலம் என்ன வேலை செய்யும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

வாசல்களில் ஒன்று மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பேசப்பட வேண்டியது: சோடியம்–பொற்றாசியம் பம்பி. டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கூ, கடற்கரை நண்டின் கால் நரம்புகளை வைத்து ஆராய்ந்து 1957இல் இதை வெளியிட்டார். நாற்பது ஆண்டு கழித்து, 1997இல், இதற்காக நோபல் பரிசு பெற்றார். இந்தப் புரதம் ஒரு தடவை இயங்கும்போது மூன்று சோடியம் அயன்களை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது. ஒவ்வொரு தடவைக்கும் ஓர் அதனோசின் முப்பொசுபேற்று மூலக்கூறு செலவாகிறது. அந்த மூலக்கூறுகளில் பெரும்பாலானவை, ஒட்சிசனின் உதவியுடன் இழைமணிகளில் ஆக்கப்படுபவை. ஓய்வாகப் படுத்திருக்கும் மனிதன் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்தப் பம்பிகளுக்கே போகிறது என்று கணிக்கப்பட்டுள்ளது. அது வீண் செலவு அல்ல. பம்பி நின்றால் சோடியம் உள்ளே கசிந்து சேரும், அதைத் தொடர்ந்து நீரும் நுழைந்து கலம் வீங்கும். நரம்பின் கணத்தாக்கமும் இதயத்தின் துடிப்பும் இந்தப் பம்பி உண்டாக்கிய அயன் வேறுபாட்டில்தான் நடக்கின்றன.

கெலிஓயாவுக்கு மேலே, கம்பளையையும் தாண்டி, கொத்மலை நீர்த்தேக்கம் நீரை உயரத்தில் தேக்கி வைத்திருக்கிறது. அது கீழே பாயும் வேகத்தில் சுழலிகள் சுழன்று மின் பிறக்கிறது. கலத்துக்கு வெளியே பம்பி குவித்து வைக்கும் சோடியமும் அவ்வாறு தேக்கப்பட்ட சக்தியே. உள்ளே பாயக் காத்திருக்கும் அந்தச் சோடியத்துக்கு வழி விட்டால், அந்தப் பாய்ச்சலைக் கொண்டு வேறொரு வேலையைச் செய்விக்கலாம்.

சிறுகுடல் கலம் செய்வது அதைத்தான். சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல நீட்டிய சடைமுளைகளும், ஒவ்வொரு கலத்தின் மேற்புறத்திலும் அடர்ந்த நுண்சடைமுளைகளும் உள்ளன. கலத்துக்கு இரண்டு முகங்கள். குருதியை நோக்கிய முகத்தில் பம்பிகள் இருந்து சோடியத்தை அகற்றிக்கொண்டே இருப்பதால் கலத்தின் உட்புறம் எப்போதும் சோடியம் குறைந்தே இருக்கும். உணவை நோக்கிய முகத்தில் வேறொரு புரதம் இருக்கிறது. அது இரண்டு சோடியம் அயன்களும் ஒரு குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். சோடியம் தன் போக்கில் உள்ளே பாய்கையில், அடர்த்தி குறைவான பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குக்கூடக் குளுக்கோசை இழுத்துச் செல்கிறது. அமெரிக்கரான ரொபட் கிரேன் இந்த இணைக் கடத்தலை 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தார்.

நீரை மட்டும் தள்ளும் பம்பி உடலில் எங்கும் இல்லை. கரைந்த துணிக்கைகள் கூடிய பக்கத்துக்கு நீர் தானாக நகர்கிறது, இதுவே பிரசாரணம். சோடியமும் குளுக்கோசும் குடலைக் கடந்து குருதிப் பக்கம் சேர்ந்ததும் நீரும் அவற்றின் பின்னால் போகிறது. குடித்த நீர் சுமார் இரண்டு லீற்றர், உமிழ்நீரும் இரைப்பை, கணையம், ஈரல், குடல் ஆகியவற்றின் சுரப்புகளும் ஏழு லீற்றர் என நாளொன்றுக்கு ஒன்பது லீற்றர் அளவு குடலுக்குள் வந்து, அதில் இருநூறு மில்லிலீற்றர் போலத்தான் மலத்துடன் வெளியேறுகிறது. எஞ்சியதெல்லாம் இவ்விதம் உறிஞ்சப்படுகிறது.

கொலரா இந்த ஒழுங்கைக் குலைப்பது ஒரு குறிப்பிட்ட இடத்தில். கிருமி குடல் கலத்துக்குள் நுழைவதே இல்லை. அது சுரக்கும் நஞ்சுதான் நுழைகிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் டே, முயலின் குடல் துண்டில் செய்த சோதனைகளால் இந்த நஞ்சு இருப்பதை 1959இல் நிறுவினார். அது கலத்தின் உட்புறச் சமிக்ஞை ஒன்றை அணையாதபடி பூட்டிவிடுகிறது. குளோரைட்டு வாசல்கள் திறந்தபடி நிற்கின்றன. குளோரைட்டு குடலுக்குள் வழிய, அதன் ஏற்றத்தால் இழுபட்டுச் சோடியமும், பின்னர் நீரும் வெளியேறுகின்றன. கடுமையான நோயில் வளர்ந்த ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றர்வரை இழக்கலாம். ஆனால் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து நுழையும் அந்த வாசல் மட்டும் நஞ்சால் கெடுவதில்லை. வெறும் உப்புநீர் கொடுத்தால் பெரிதாக உறிஞ்சப்படாமல் போகிறது. வெறும் நீரும் அப்படியே. குளுக்கோசைச் சேர்த்துக் கொடுத்தால் உறிஞ்சப்படுகிறது. ஜீவனியில் இரண்டும் ஒரே எண்ணிக்கையில் இருப்பது இதற்காக.

இந்த வாசல் தெரியாமல் போனதற்கு மலையகம் கொடுத்த விலை பெரிது. 1820களில் கம்பளையை அடுத்த சிங்ஹபிட்டியவில் ஜார்ஜ் பேர்ட் கோப்பி பயிரிடத் தொடங்கிய பின்னர், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டின் ஊடாக மாத்தளைக்கும் அங்கிருந்து கண்டிக்கும் நடந்தே வந்தார்கள். வழியில் கொலராவால் இறந்தவர்கள் பலர். அதே காலத்தில், 1832இல், ஸ்கொட்லாந்தின் லீத் நகரில் தோமஸ் லாட்டா என்ற வைத்தியர் கொலரா நோயாளிகளின் நாளத்துக்குள் உப்புக்கரைசலைச் செலுத்திச் சிலரைப் பிழைக்க வைத்தார். உடல் இழந்தது நீரையும் உப்பையும் என்பது அப்போதே தெரிந்தது. அதை வாய்வழியே திருப்பிக் கொடுக்கும் வழி மட்டும் தெரியவில்லை. அந்த வழிக்கு வேண்டிய உப்பும் சர்க்கரையும் கொதித்தாறிய நீரும் அந்தக் காட்டுப் பாதையிலேயே கிடைத்திருக்கக் கூடியவை என்பதுதான் மனதை வருத்துகிறது.

1968இல் டாக்காவில் நடந்த ஆய்வு, வாய்வழிக் கரைசல் கொலராவிலும் வேலை செய்யும் என்று காட்டியது. 1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது எல்லையோரப் போன்காவ் முகாமில் கொலரா பரவி, நாளம்வழிச் செலுத்தும் கரைசல் தீர்ந்துபோகவே, வைத்தியர் திலீப் மகலானபிஸ் கறியுப்பு, அப்பச்சோடா, குளுக்கோசு மூன்றையும் நீரில் கலந்து பீப்பாய்களில் வைத்து, உறவினர்களே நோயாளிக்குக் கொடுக்கச் செய்தார். முப்பது சதவீதமளவு இருந்த இறப்பு அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

அப்பச்சோடாவைச் சேர்த்ததற்கும் இரசாயனக் காரணம் உண்டு. வயிற்றோட்டத்தில் இருகாபனேற்று அயன்கள் இழக்கப்பட்டு, 7.35 முதல் 7.45 வரை நிற்க வேண்டிய குருதியின் பீ.எச். பெறுமானம் அமிலப் பக்கமாகச் சாய்கிறது. அப்பச்சோடா நேராகவே இருகாபனேற்றைத் தருகிறது. ஆனால் ஈரக்காற்றில் அது குளுக்கோசுடன் சேர்ந்து பொடியைப் பழுப்பாக்கிக் கெடுத்துவிடும். எனவே 1980களில் அதன் இடத்துக்குச் சித்திரேற்று வந்தது. உடல் சித்திரேற்றை எரித்து இருகாபனேற்றாக மாற்றிக்கொள்கிறது. நான்காவது பொருளான பொற்றாசியம், கலங்களுக்குள்ளிருந்து இழந்ததை ஈடுசெய்ய. அது மிகவும் குறைந்தால் தசைகள் சோரும், இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும்.

துணிக்கைகளின் மொத்த எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். குருதியில் அது லீற்றருக்கு 290 மில்லிமூல் அளவில் இருக்கிறது. 1975இன் முதல் கரைசலில் 311. 2002இல் உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃப்பும் அதை 245க்குக் குறைத்தன. குருதியைவிட ஐதான கரைசலிலிருந்து நீர் எளிதாக உள்ளே போகிறது. மலத்தின் அளவும் வாந்தியும் குறைந்ததைச் சோதனைகள் காட்டின. ஒரு லீற்றருக்குரிய பக்கற்றைச் சிறிய கிளாசில் கரைப்பது இதனால்தான் ஆபத்து. செறிவு கூடிய கரைசல் குடலுக்குள் நீரை இழுக்கும், குருதியில் சோடியம் அளவுக்கு மேல் உயரும். இனிப்புச் சோடாப் பானங்களிலும் சீனி மிகையாகவும் சோடியம் மிகக் குறைவாகவும் இருக்கின்றன. செவ்விளநீரில் பொற்றாசியம் நிறைய உண்டு, சோடியம் போதாது. உப்பிட்ட அரிசிக் கஞ்சி இவற்றைவிட நல்லது. மாப்பொருள் ஒரு பெரிய மூலக்கூறு என்பதால் துணிக்கை எண்ணிக்கையைக் கூட்டாமல் இருந்து, குடலில் சிறிது சிறிதாகவே குளுக்கோசாக உடைகிறது. பக்கற்றைக் கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் முழுமையாகக் கரைத்து, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

ஜீவனி வயிற்றோட்டத்தை நிறுத்துவதில்லை. இழப்பை ஈடுசெய்து, உடல் தானே தேறும்வரை காப்பதே அதன் வேலை. மயங்கிக் கிடப்பவருக்கும், குடித்ததெல்லாம் வாந்தியாகப் போகிறவருக்கும், கண் குழிந்து சிறுநீர் நின்றுபோன பிள்ளைக்கும் நாளம்வழிக் கரைசல் தேவை. அவர்களை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகளுக்குக் கரைசலோடு நாகமும் பத்து முதல் பதினான்கு நாட்களுக்குக் கொடுக்கும்படி பரிந்துரைக்கப்பட்டுள்ளது. குடல் மேற்பரப்பின் கலங்கள் மூன்று முதல் ஐந்து நாட்களே வாழ்ந்து உதிர்கின்றன. சடைமுளைகளின் அடியில் பிரிந்து பெருகும் கலங்கள் மேலே ஏறி அந்த இடத்தை நிரப்புகின்றன. கலப்பிரிவுக்கு வேண்டிய பல நொதியங்கள் நாகம் இல்லாமல் இயங்குவதில்லை.