ஆறிய பின்னும் - 7: தழும்பு இறுகும் காலம்

தீக்காயக் கட்டுகளைப் பிரித்து, "புண்ணு ஆறிடுச்சும்மா, வீட்டுக்குப் போகலாம்" என்று மருத்துவர் சொல்லும் நாள்வரை சென்ற வாரம் வந்திருந்தோம். அன்றைக்குப் புதுத்தோல் இளஞ்சிவப்பாக, தட்டையாக, தொட்டால் மெத்தென்று இருக்கும். கண்டம் தாண்டியாயிற்று என்று குடும்பமே பெருமூச்சு விடும். ஒன்றிரண்டு மாதத்தில் அதே தோல் சிவந்து தடிக்கத் தொடங்கும். முறுக்கிய கயிறு போல மேடுகள் எழும். ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு வரும். இதையெல்லாம்விட மோசம், தழும்பு சுருங்குவது. கழுத்தில் வெந்திருந்தால் முகவாய் மெல்ல மெல்ல நெஞ்சை நோக்கி இழுபடும். அக்குளில் என்றால் கை மேலே எழாது. உயிர் பிழைத்தவரைத் தலை சீவவும் சோறு பிசைந்து உண்ணவும் முடியாமல் முடக்கிப்போடுவது இந்த இரண்டாவது கட்டம்தான். இங்கே பிசியோதெரபிஸ்ட்டின் பங்கு அறுவை மருத்துவரின் பங்குக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல என்பேன்.

ஆழமான காயத்தை மூடுவதற்கு உடல் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை அவசர அவசரமாகக் கொட்டுகிறது. கூடவே, தசையைப் போல இழுக்கும் திறன்கொண்ட ஒருவகைச் செல்களும் வந்து காயத்தின் ஓரங்களை உள்நோக்கி இழுக்கின்றன. காயம் மூடியதும் அவை மறைந்துவிட வேண்டும். ஆழத் தீக்காயத்தில் அவை போகாமல் தங்கி, இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இரண்டு வாரத்துக்குள் ஆறிய காயத்தில் இந்தத் தொல்லை குறைவு. மூன்று வாரத்தைத் தாண்டி இழுத்த காயத்தில்தான் அதிகம். இப்படி எழும் தழும்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும். எல்லை மீறி நல்ல தோலிலும் படரும் கெலாய்டு வேறு. ஓராண்டிலிருந்து இரண்டாண்டுவரை தழும்பு முதிராமல், மாறிக்கொண்டே இருக்கும். நாம் சொல்வதை அது கேட்கும் காலம் அதுதான்.

தீக்காய வார்டுகளில் ஒரு விதி உண்டு: நோயாளிக்குச் சுகமாக இருக்கும் நிலையில்தான் உறுப்பு இறுகும். கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைத்துத் தலையைக் குனிந்தாற்போல் வைத்துக்கொண்டால் வலி தெரியாது. ஆனால் அந்தத் தலையணைதான் முகவாயை நெஞ்சோடு ஒட்டவைக்கும். அதனால் தலையணையை எடுத்துவிட்டு, தோள்களுக்கடியில் மடித்த துணியை வைத்து, கழுத்து பின்னால் சாயும்படி படுக்கவைப்பார்கள். அக்குள் வெந்திருந்தால் கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு நீட்டி வைக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே தலையணை கூடாது. ராத்திரியில் அறியாமல் மடக்கிவிடாதபடி ஸ்பிளின்ட் கட்டுவார்கள்.

பகலில் நீட்டல் பயிற்சி. வெடுக்கென்று இழுத்தால் புதுத்தோல் கிழியும், கிழிந்த இடம் மறுபடி தடிக்கும். மெதுவாக இழுத்து, சிவந்த தழும்பு வெளிறும்வரை கொண்டுபோய், அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்திப் பிடிக்க வேண்டும். முதல் நாள் கிடைத்த அங்குலம் மறுநாள் காலையில் காணாமல் போயிருக்கும். மறுபடி தொடங்க வேண்டும். அதனால்தான் வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது மட்டும் போதாது. நாளில் பலமுறை வீட்டில் செய்தாக வேண்டும். கொடியில் துணி உலர்த்துவது, தானே தலை வாருவது, மேல்தட்டிலிருந்து டப்பா எடுப்பது எல்லாமே தோளுக்கு நல்ல பயிற்சிதான். ஆழமாக வெந்த இடத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் அழிந்திருப்பதால் தோல் வறண்டு வெடிக்கும். வாசனை சேராத களிம்போ தேங்காய் எண்ணெயோ தடவி, விரல் நுனியால் அழுத்தி வட்டமாகத் தேய்த்துவிட்டால் தோல் இளகும், அரிப்பும் தணியும். திறந்த புண் இருக்கும் இடத்தில் மட்டும் தேய்க்கக் கூடாது.

இனி அழுத்த ஆடை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற பொறியாளர் இருந்தார். காலில் ரத்தநாளப் புண்ணால் அவதிப்பட்ட அவர், நீச்சல் குளத்துத் தண்ணீரில் நிற்கும்போது வலி குறைவதைக் கவனித்தார். தண்ணீரின் அழுத்தம் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருப்பதைக் கணக்கில் எடுத்து, அதேபோல் அழுத்தும் காலுறையை உருவாக்கினார். அந்த வகை நெசவுதான் பிறகு தீக்காயத் தழும்புக்கும் வந்தது. டெக்சாஸ் மாநிலம் கால்வெஸ்டனில் குழந்தைகளுக்கான ஷிரைனர்ஸ் தீக்காய மருத்துவமனையில் டுவேன் லார்சனும் அவருடைய குழுவினரும், இடைவிடாத அழுத்தம் தழும்பைத் தட்டையாக்குவதை 1971இல் எழுதி வெளியிட்டார்கள்.

உடலளவு எடுத்துத் தைக்கும் இந்த ஆடையை நாளுக்கு 23 மணி நேரம் போட்டிருக்கச் சொல்வார்கள். குளிக்கவும் எண்ணெய் தடவவும் மட்டுமே கழற்றலாம். துவைத்து மாற்ற இரண்டு செட் வேண்டும். சில மாதங்களில் இழுவை தளர்ந்துவிடும், புதிது தைக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரமாகவே மாற்ற வேண்டும். கத்திரி வெயிலில் இதை அணிந்திருப்பது பெரும்பாடு. பலர் பாதியில் கழற்றி வைத்துவிடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலனையும் உள்ளபடி சொல்ல வேண்டும்: பின்னால் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆடையால் தழும்பின் உயரம் ஓரளவு குறைவது தெரிந்தது, மற்றபடி எதிர்பார்த்த அளவு நன்மை நிரூபணமாகவில்லை. ஆகவே ஆடை வாங்கப் பணமில்லை என்பதற்காக யாரும் மனம் தளர வேண்டாம். கையைத் தூக்கவைப்பது பயிற்சிதான்.

1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து அறிமுகமான சிலிகான் ஷீட், தழும்பின் ஈரத்தைக் காத்து அதை மென்மையாக்க உதவுகிறது. முகம், மூட்டு போல ஆடை சரியாகப் படியாத இடங்களுக்குத் தோது. தழும்புக்குத் தரும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்குச் சான்று பலமாக இல்லை. கையில் இருக்கும் காசை முதலில் அதில் போட வேண்டாம்.

இந்தியாவில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடுமையாகவோ நடுத்தரமாகவோ தீக்காயம் அடைவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் சமையலறையில் வெந்த பெண்கள் ஏராளம். வீடு திரும்பியதும் மற்றவர்களுக்குச் சோறாக்கும் வேலை அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. அவள் கையைப் பிடித்து நீட்டிவிட ஒருவரும் இல்லை. குழந்தை என்றாலோ, "பாவம், வலியில அழுவுது, விட்டுடு" என்று பாட்டி தடுத்துவிடுவார். பாசம்தான். ஆனால் அப்படி விட்ட கை, பிறகு அறுவை சிகிச்சை செய்துதான் விரியும். அதற்குப் பின்னும் இதே பயிற்சியைச் செய்தாக வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் தீக்காயப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இருக்க வேண்டும். அழுத்த ஆடை இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது தீக்காய வார்டிலிருந்து வீடு திரும்பினால், டிஸ்சார்ஜ் சீட்டில் பிசியோதெரபிக்கு வரவேண்டிய தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே கேட்டு வாங்குங்கள்.

(தொடரும்)